சூரியனுக்கு முளைத்த முடி

"தம்பி, முப்பது வருஷம் இந்த வெயில்லதான் ரப்பர் பால் வெட்டினேன், ஒரு நாளும் சூரியனுக்கு முடி முளைச்சு நான் பாத்ததில்லையே" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர், என் கைப்பேசியில் இருந்த படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு. ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம், அதன் ஓரத்தில் கலைந்த மயிர்க்கற்றை போல எழும்பி நிற்கும் நாலைந்து கொழுந்துகள். கணினியில் வரைந்ததா என்றும் கேட்டார். நியாயமான கேள்விதான். முடி நிஜம், நிறம்தான் நான் பூசியது என்று சொன்னேன், அதில் அவருக்குக் குழப்பம் இன்னும் கூடிப்போனது. சரி, அன்றைக்கு அவருக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். சின்னத் தொலைநோக்கி ஒன்றை வைத்துச் சூரியனைப் படம் எடுக்க வேண்டும் என்ற ஆசை இருந்து, எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு உதவும்.

எதற்கும் முன்னால் கண்ணைப் பற்றிப் பேசிவிடுவோம். விழித்திரைக்கு வலி தெரியாது. அது வெந்துபோகும்போது நமக்கு ஒன்றும் ஆகாத மாதிரியே இருக்கும், சில மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்தான், பார்வையின் நடுவில் ஒரு கறை நிற்பது தெரியும். சின்ன வயதில் பூதக்கண்ணாடியை வைத்துக் காய்ந்த ரப்பர் இலையைக் கொளுத்தியிருப்போமே, தொலைநோக்கி அதற்குப் பெரியண்ணன். அதனால் வடிகட்டி குழாயின் முன்வாயில் இருக்க வேண்டும், வெளிச்சம் உள்ளே நுழைவதற்கு முன்பே அது அடங்கிவிட வேண்டும். மலிவான தொலைநோக்கிகள் சிலவற்றோடு, கண்ணை வைத்துப் பார்க்கும் வில்லையில் திருகுகிற மாதிரி ஒரு குட்டிக் கறுப்புக் கண்ணாடி வரும். நான் இணையத்தில் வாங்கிய முதல் குழாயோடும் வந்தது. குவிந்த வெப்பம் மொத்தமும் அதன் தலையில்தான் விழும் என்பது எனக்கு அப்போது தெரியாது. பத்து நிமிடத்தில் டிக் என்று ஒரு சத்தம், எடுத்துப் பார்த்தால் குறுக்கே விரிசல். அந்த நொடியில் மேகம் வருகிறதா என்று நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததால் இன்றைக்கு இதை எழுத முடிகிறது. அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால் பத்திரப்படுத்தி வைக்காமல் உடைத்துக் குப்பையில் போட்டுவிடுங்கள். எக்ஸ்ரே படம், கரி பிடித்த கண்ணாடி, பழைய சிடி எல்லாமே அதே கணக்குதான், கூச்சம் குறையும், ஆபத்து குறையாது. குழாயின் முதுகில் இருக்கும் குட்டி வழிகாட்டித் தொலைநோக்கியையும் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். அதை மூட மறந்து என் சட்டைத் தோளில் ஒரு பொத்தல் விழுந்த கதை தனி.

முன்வாயில் போடும் வடிகட்டிகளில் எளியது வெள்ளிக் காகிதம் போலப் பளபளக்கும் ஒரு மெல்லிய தாள். பாடர் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் தாள் பிரபலம். அதில் அடர்த்தி 5 என்று போட்டிருந்தால், விழும் வெளிச்சத்தில் லட்சத்தில் ஒரு பங்குதான் உள்ளே போகும் என்று அர்த்தம். அடர்த்தி 3.8 என்று ஒன்றும் உண்டு, அது ஆறாயிரத்தில் ஒரு பங்கை விடும், கேமராவுக்கு மட்டும்தான், கண் வைக்கக்கூடாது. தாளை அட்டை வளையத்தில் ஒட்டிக் குழாயின் வாயில் மாட்டி, காற்றில் கழன்று விழாதபடி நாலு பக்கமும் நாடா ஒட்டிவிடுங்கள். மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்க்க வேண்டும், ஊசிமுனைப் பொத்தல் இருந்தாலும் அந்தத் தாள் முடிந்தது.

இந்தத் தாள் வழியாகப் பார்த்தால் வெள்ளைத் தட்டு ஒன்று தெரியும், அதில் மிளகு சிந்தியது போலக் கரும்புள்ளிகள். சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 டிகிரி செல்சியஸ், புள்ளிகளின் நடுப்பகுதி அதைவிட ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் டிகிரி குறைவு, அதனால் பக்கத்துப் பிரகாசத்துக்கு முன்னால் கறுப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். தனியாகப் பிய்த்து இரவு வானத்தில் தொங்கவிட்டால் அதுவும் கண்ணைப் பறிக்கும். மிளகு என்று சொன்னேன், ஆனால் சூரியனின் விட்டத்தில் 109 பூமிகளை வரிசையாக அடுக்கலாம், அதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் நடுத்தரப் புள்ளி ஒன்றே நம் பூமியை விழுங்கிவிடும். 2024 மே மாதத்தில் ஒரு புள்ளிக் கூட்டம் பூமியைப் போலப் பதினைந்து மடங்கு அகலத்துக்குப் பரவியிருந்தது, தொலைநோக்கியே வேண்டாம், கிரகணக் கண்ணாடி போட்டாலே தெரிந்தது. லடாக் வரை துருவ ஒளியில் வானம் சிவந்த அந்த வாரம்தான்.

ஆனால் முடி தெரியாது. எத்தனை விலை கொடுத்த வெள்ளித் தாளானாலும் தெரியாது. ஏன்?

தைப்பூசத்தன்று மலேசியாவின் ஈப்போ கல்லுமலைக் கோயில் அடிவாரத்தில் நிற்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பன்னிரண்டு உறுமி மேளக் குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் தனி ஒலிபெருக்கி, நடுவில் எங்கோ ஒரு பாட்டி கையில் சின்னதாகச் சிலம்பு குலுக்குகிறார். அந்தச் சிலம்புச் சத்தத்தைக் கேட்க வேண்டும். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? உறுமியும் குறையும், சிலம்பும் அதே அளவுக்குக் குறையும், முன்னால் எது எதை அமுக்கியதோ பஞ்சுக்குப் பிறகும் அதுதான் அமுக்கும். வெள்ளித் தாள் அந்தப் பஞ்சு. நமக்கு வேண்டியது, சிலம்பின் சுருதியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடைக்கிற ஒரு காது.

சூரியனில் அந்தச் சிலம்பு ஹைட்ரஜன். நாம் தினமும் பார்க்கிற பிரகாசமான பரப்புக்கு மேலே, இரண்டாயிரம் மூவாயிரம் கிலோமீட்டர் உயரத்துக்கு, நிறமண்டலம் என்று ஒரு மெல்லிய அடுக்கு இருக்கிறது. பெரும்பாலும் ஹைட்ரஜன் வாயு. மற்ற வெளிச்சத்துக்கு அது கண்ணாடி மாதிரி, இருப்பதே தெரியாது. அதில் இருக்கும் ஹைட்ரஜன் அணுவின் எலக்ட்ரான் மூன்றாம் படியிலிருந்து இரண்டாம் படிக்கு இறங்கும்போது மட்டும் ஒரு குறிப்பிட்ட சிவப்பை உமிழும், ஏறும்போது அதே சிவப்பை விழுங்கும். அலைநீளம் 656.28 நானோமீட்டர். இதற்கு ஹைட்ரஜன் ஆல்ஃபா என்று பெயர். சூரிய ஒளியை முப்பட்டகத்தில் விரித்தால் சிவப்புப் பகுதியில் இந்த இடத்தில் ஒரு கறுப்புக் கோடு கிடக்கும், ஜெர்மனியில் ஃபிரான்ஹோஃபர் 1814 வாக்கில் இத்தகைய கோடுகளுக்கு எழுத்துப் பெயர் வைத்தபோது இதற்கு சி என்று வைத்தார். கறுப்புக் கோடு என்றால் அந்த இடத்தில் கீழே இருக்கும் பரப்பின் கொடும் பிரகாசம் வெட்டுப்பட்டிருக்கிறது என்று பொருள். அந்த ஒடுக்கமான இருட்டுக்குள் எட்டிப் பார்த்தால், மேலே நிற்கும் ஹைட்ரஜன் தெரிகிறது, அந்த முடி உட்பட.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1868 ஆகஸ்ட் 18 அன்று ஆந்திராவின் குண்டூரில் முழு கிரகணம் பார்க்க வந்த பிரெஞ்சுக்காரர் ஜான்சன், நிலா சூரியனை மூடியபோது ஓரத்தில் தெரிந்த கொழுந்துகளின் ஒளியை விரித்துப் பார்த்தார். கோடுகள் அத்தனை பளிச்சென்று இருந்ததால், கிரகணமே இல்லாமலும் இவை தெரியுமே என்று தோன்றி, மறுநாள் காலையில் வெறும் வெயிலில் முயன்றார், தெரிந்தது. நாம் இன்றைக்கு வீட்டு முற்றத்தில் செய்வது அவர் அந்த மறுநாள் காலையில் செய்த வேலைதான், கருவிதான் வேறு.

எவ்வளவு ஒடுக்கமாகப் பார்க்க வேண்டும் என்பதில்தான் விலை இருக்கிறது. சூரியனுக்கென்று செய்யும் ஹைட்ரஜன் ஆல்ஃபா வடிகட்டி ஏறத்தாழ 0.07 நானோமீட்டர் அகலத்தைத்தான் விடும், கடைக்காரர்கள் இதை 0.7 ஆங்ஸ்ட்ராம் என்று எழுதுவார்கள். நம் கண்ணுக்குத் தெரியும் நிறமாலை 400 முதல் 700 வரை, முந்நூறு நானோமீட்டர். வகுத்துப் பாருங்கள், நாலாயிரத்துச் சொச்சத்தில் ஒரு துண்டு. மீதி அத்தனையும் குப்பை.

இங்கே ஒரு ஆபத்தான பெயர்க் குழப்பம் இருக்கிறது. இரவில் நெபுலா என்னும் விண்வெளி வாயு மேகங்களைப் படம் எடுப்பவர்கள் போடும் வடிகட்டிக்கும் ஹைட்ரஜன் ஆல்ஃபா என்றுதான் பெயர், சில நூறு மலேசிய வெள்ளிக்குக் கிடைக்கும். அதன் அகலம் 7 அல்லது 3 நானோமீட்டர், அதாவது நமக்கு வேண்டியதைப் போல நூறு மடங்கு, நாற்பது மடங்கு. அதைச் சூரியனுக்கு மாட்டினால் முடியும் தெரியாது, கண்ணும் போகும். மலிவாகக் கிடைக்கிறதே என்று யாரும் ஏமாந்துவிடாதீர்கள்.

அவ்வளவு ஒடுக்கமாக ஒளியை எப்படிப் பிரிப்பது? நம் ஊர் முடிவெட்டும் கடையில் முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி இருக்கும், நடுவில் உட்கார்ந்தால் நம் தலை போய்க்கொண்டே இருக்கும், முடிவே தெரியாது. அதே மாதிரி இரண்டு தட்டைக் கண்ணாடிகளை மயிரிழை இடைவெளியில் எதிரெதிரே வைத்து, ஒவ்வொன்றிலும் பாதரசக் கண்ணாடி மாதிரி முழுதாகப் பூசாமல் கொஞ்சம் ஒளி கசியும்படி பூசுகிறார்கள். உள்ளே மாட்டிக்கொண்ட ஒளி முன்னும் பின்னும் மோதி மோதித் திரும்பும். அந்த இடைவெளியில் சரியாகக் கால் பொருந்துகிற அலைநீளம் மட்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி வலுத்து வெளியே வரும், பொருந்தாதவை தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டு அழிந்துவிடும். ஃபாப்ரியும் பெரோவும் 1890களின் கடைசியில் செய்து காட்டியது இது, எட்டலான் என்பார்கள். ஒரு சிக்கல், ஒரே ஒரு அலைநீளம் மட்டும் பொருந்தாது, சீரான இடைவெளியில் பல பொருந்தும், சீப்பின் பற்கள் மாதிரி. அதனால் கூடவே இன்னொரு வடிகட்டி வைத்து, 656.28இல் நிற்கும் பல்லை மட்டும் விட்டுவிட்டு மற்ற பற்களை ஒடித்துவிடுகிறார்கள். வெப்பத்தைத் தடுக்க முன்னால் ஒரு கண்ணாடி வேறு. இத்தனையும் ஒரே குழாயில் பூட்டி, 40, 50 மில்லிமீட்டர் வாய் அகலத்தில் லண்ட் போன்ற பெயர்களில் விற்கிறார்கள். சில ஆயிரம் வெள்ளி ஆகும். ஏற்கெனவே இருக்கும் குழாயின் பின்பக்கம் மாட்டும் வகையும் உண்டு. முன்வாய் விதிக்கு அது விலக்கு, ஆனால் அதன் கையேட்டை முழுக்கப் படிக்காமல் தொடக்கூடாது.

அந்தக் குழாயில் திருகு வளையம் ஒன்று இருக்கும். அதைத் திருப்பினால் எட்டலான் லேசாகச் சாயும், அல்லது உள்ளே காற்றழுத்தம் மாறும், எந்தச் சிவப்பு வெளியே வர வேண்டும் என்பது இம்மியளவு நகரும். புதிதாக வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தொடாமல், ஒன்றுமே தெரியவில்லை, ஏமாற்றிவிட்டான் என்பார்கள். வானொலியில் நிலையம் பிடிக்கிற மாதிரி மெதுவாகத் திருப்ப வேண்டும், வெறும் சிவப்புத் தட்டாக இருந்தது திடீரென்று ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பாகும், அதன் மேல் கறுப்பு நூல்கள் கிடக்கும். அந்த நூலும் ஓரத்து முடியும் ஒன்றுதான், வட்டத்துக்கு முன்னால் வந்தால் இருட்டாகவும் விளிம்பில் நின்றால் ஒளியாகவும் தெரிகிறது. இன்னொன்று, கொழுந்து நம்மை நோக்கி விநாடிக்கு இருபது முப்பது கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்தால் அதன் சிவப்பே நகர்ந்து வடிகட்டியை விட்டு வெளியே போய்விடும், படத்தில் காணாமல் போகும். வளையத்தைக் கொஞ்சம் திருப்பினால் திரும்பி வரும்.

இனி நம் ஊர் விஷயம். ஈப்போவுக்கு வடக்கே எங்கள் சுங்கை சிப்புட்டில் கிழக்கே மலைத்தொடர், சூரியன் அதைத் தாண்டி வர எட்டு மணி ஆகிவிடும். எட்டரைக்கும் பத்தரைக்கும் நடுவில் கிடைப்பதுதான் நல்ல நேரம், பசியாறிவிட்டு உடனே இறங்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு தகரக் கூரையும் தார் சாலையும் சூடேறி, அவற்றின் மேல் அலையும் காற்றில் சூரியனின் விளிம்பு கொதிக்கிற பாயசம் மாதிரி தளும்பும், பன்னிரண்டுக்கு மேல் மேகம் கட்ட ஆரம்பிக்கும். நான் வீட்டு முன்னாலிருந்து எடுத்து எடுத்து அலுத்து, தோட்டத்துத் திடலின் நடுவில் புல் மேல் வைத்த அன்றுதான் படம் கூர்மையானது. பழைய லயங்கள் இருந்த இடம், இப்போது சுற்றிலும் செம்பனை, நடுவில் திடல் மட்டும் மிச்சம். புல் தார் மாதிரி கொதிக்காது. புகைமூட்டக் காலத்தில் முயலவே வேண்டாம்.

தாங்கி வாங்கும்போது கவனம். வெளிநாட்டுக் காணொளிகளில் எல்லாரும் துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சாய்த்து வைக்கும் தாங்கியைப் புகழ்வார்கள். நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்து பாகைக்கும் குறைவாக இருக்கிறோம், அந்தத் தாங்கியைக் கிட்டத்தட்டப் படுக்கப்போட வேண்டும். பலவற்றின் சாய்வு 15, 20 பாகைக்குக் கீழே இறங்காது, இறங்கினாலும் எடைக்கல் முக்காலியின் காலில் இடிக்கும். மேலும் கீழும், இடமும் வலமும் திரும்புகிற எளிய மோட்டார் தாங்கி இங்கே போதும், சூரியனின் வேகத்தில் பின்தொடரும் வசதி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சூரியனைப் பிடிக்கக் குழாய் வழியாகத் தேட வேண்டாம், தரையில் விழும் குழாயின் நிழல் எப்போது மிகச் சின்ன வட்டமாகிறதோ அப்போது சூரியன் உள்ளே வந்துவிட்டது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் பத்தாம் தேதி வாக்கிலும் மதியம் ஒன்றேகாலுக்குச் சூரியன் நேர் உச்சந்தலையில் நிற்கும், அந்த நேரத்தில் கேமரா முக்காலியில் முட்டும், மடிக்கணினித் திரையில் என் மூக்குதான் தெரியும். பகல் முழுக்கவே திரை தெரியாதுதான், அதற்குச் சீனக்கடையில் கேட்டு வாங்கிய ஒரு காலி அட்டைப் பெட்டிக்குள் கணினியை வைத்து, மேலே கைலியைப் போர்த்திக்கொள்கிறேன்.

கேமரா கறுப்பு வெள்ளையாக இருந்தால் நல்லது. வண்ணக் கேமராவின் புள்ளிகளில் நாலில் ஒன்றுதான் சிவப்பு, நம் ஒளி முழுக்கச் சிவப்பு, மீதி மூன்றும் வீண். கோள்களைப் படம் எடுக்க விற்கும் சின்னக் கேமராவே போதும், ஆனால் முழு வட்டமும் அதன் ஒளி உணரும் சில்லில் அடங்குமா என்று பாருங்கள். கணக்கு எளிது, குவிதூரத்தை 110ஆல் வகுத்தால் பிம்பத்தின் விட்டம், 400 மில்லிமீட்டர் குழாய்க்கு மூன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். சூரியன் இருக்கும் தூரம் அதன் விட்டத்தைப் போல ஏறக்குறைய 108 மடங்கு, அதனால் வருகிற எண் இது. 108 என்றதும் ஜபமாலையை எடுத்து வராதீர்கள், தூரமே வருஷத்துக்குள் மூன்று சதவீதம் கூடிக் குறைகிறது.

ஒற்றைப் புகைப்படம் எடுத்தால் ஏமாற்றம்தான். அலையும் காற்றில் நூறில் பத்து நொடித்துணுக்குகள்தான் தெளிவாக இருக்கும், அதனால் முப்பது விநாடிக்கு ஆயிரம் படம் என்று காணொளியாக எடுத்து, ஆட்டோஸ்டாக்கர்ட் மாதிரி இலவச மென்பொருளிடம் கொடுத்தால் அது நல்லதைப் பொறுக்கி ஒன்றன் மேல் ஒன்று அடுக்கித் தரும். நிமிடக்கணக்கில் எடுக்காதீர்கள், கொழுந்து அதற்குள் அசைந்துவிடும். வட்டத்துக்குச் சரியான வெளிச்ச அளவில் ஓரத்து முடி மங்கிவிடும், முடிக்குச் சரியாக வைத்தால் வட்டம் வெந்துவிடும், ஆகவே இரண்டு தடவை எடுத்து ஒட்டுவதுதான் வழக்கம். படத்தில் வளையம் வளையமாக வரிகள் விழுந்தால் கேமரா பழுது என்று பயப்பட வேண்டாம், கேமராவின் கண்ணாடிக்கும் சில்லுக்கும் நடுவில் அதே முடிவெட்டும் கடைக் கதை நடக்கிறது, கேமராவைச் சற்றுச் சாய்த்தால் போய்விடும். தூசிப் புள்ளிகளுக்கு, குழாய் வாயில் சுருக்கமில்லாத வெள்ளைப் பிளாஸ்டிக் பையைக் கட்டி ஒரு காணொளி எடுத்து வைத்துக்கொண்டால் மென்பொருள் கழித்துக்கொள்ளும்.

சாமான்களைத் தூக்கிக்கொண்டு இறங்குமுன் இன்றைக்கு ஏதாவது முளைத்திருக்கிறதா என்று பார்க்க வழி இருக்கிறது. காங் (GONG) என்ற வலையமைப்பு உலகில் பல இடங்களிலிருந்து இதே சிவப்பில் சூரியனை எடுத்து இணையத்தில் போட்டுக்கொண்டே இருக்கிறது, நம் பகலுக்கு ஆஸ்திரேலியாவின் லியர்மந்த்தும் இந்தியாவின் உதய்ப்பூரும். என் படத்தை அதோடு ஒப்பிட்டுத்தான் எது மேல், எது கீழ் என்று சரிசெய்கிறேன். 2024 அக்டோபரில் சூரியன் தன் பதினோரு வருஷச் சுற்றின் உச்சத்தில் இருக்கிறது என்று நாசா அறிவித்தது. இனி கரும்புள்ளிகள் மெல்லக் குறையும், முடி மட்டும் குறைந்த காலத்திலும் அவ்வப்போது முளைக்கும். 2031 மே 21இல் வளையக் கிரகணம் ஒன்று தென்னிந்தியா வழியாக மலேசியாவுக்கும் வருகிறது, அதற்குள் கை பழகிவிடும்.

நிறத்துக்கு வருகிறேன். கேமரா தருவது சாம்பல் நிறப் படம். உண்மையில் உள்ளே வருவது ஆழ்ந்த சிவப்பு, அதை அப்படியே போட்டால் விவரம் ஒன்றும் தெரியாது, அதனால் எல்லாரும் ஆரஞ்சு பூசுகிறார்கள், நானும் பூசினேன். பெரியவரிடம் இரண்டையும் காட்டினேன். ஆரஞ்சைத் தள்ளிவிட்டு, கறுப்பு வெள்ளையையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதயே வாட்சப்புல போடு தம்பி, பேத்திகிட்ட காட்டணும்" என்றார்.